எண்பதுகளின் பத்துப் படங்கள்: ஒரு பட்டியலுக்குள் மூன்று வரலாறு

எண்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் சிறந்த பத்தைச் சொல்லுங்க என்று யாரிடம் கேட்டாலும் பதில் வந்துவிடும். யோசிக்கக்கூட மாட்டார்கள். சண்டையெல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியைச் சேதராப்பட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: புதுச்சேரி நகரத்திலிருந்து மயிலம் போகிற சாலையில் இருக்கிற ஊர் இது, தொழிற்பேட்டை ஊர். புதுச்சேரி வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்க. ஒரே துண்டாக இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துத் துண்டுகள் தமிழ்நாட்டுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடக்கும். பஸ் கொஞ்ச தூரம் போவதற்குள் மாநிலம் மாறும், மறுபடியும் மாறும். ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வருகிறவர்களில் பாண்டிக்காரரும் உண்டு, வானூர்ப் பக்கத்தவரும் உண்டு. ஓய்வுபெற்ற பெரியவர் இருப்பார், போன வருஷம் வேலையில் சேர்ந்த பையனும் இருப்பான்.

நான் கேட்டது ஆய்வெல்லாம் இல்லை, வெறும் பேச்சுதான். ஆனாலும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வயதை வைத்தே பட்டியலைச் சொல்லிவிடலாம். ரசனை மாறிவிட்டது என்பது இதற்குப் பாதி விளக்கம்தான். ஒவ்வொரு வயதுக்காரரும் அந்தப் படங்களை வெவ்வேறு வழியில் பார்த்திருக்கிறார்கள் என்பது மீதி. ஒரு பட்டியல் படத்தைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு, அந்தப் படம் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்கிறது.

முதல் அளவுகோல் நாள் கணக்கு. தமிழ் ரசிகனுக்கு இது எண்பதுகளுக்கு ரொம்ப முந்தியே பழகிப்போனது. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது என்பது இன்றைக்கும் சொல்லப்படுகிற கணக்கு. ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளிவிழா என்று ஒட்டப்பட்ட போஸ்டர்கள்தான் அன்றைய தரவரிசை. எண்பதுகளில் பிரிண்டுகள் குறைவு. பெரிய ஊர்களில் முதலில் ஓடும். அங்கே ஓடித் தேய்ந்த பிரிண்ட், மழை பெய்கிற மாதிரி கோடுகளோடு, மாதக்கணக்கில் தாமதமாகக் கிராமத்துக் கொட்டகைக்கு வரும். புதுப்படம் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போக வேண்டும். ஆனந்தா, ரத்னா, ராமன் என்று பழைய ஆட்கள் தியேட்டர் பெயரைச் சொல்லும்போது உறவுக்காரர் வீட்டைச் சொல்வது போலவே இருக்கும்.

ஆகவே அறுபது வயதுக்காரர் சொல்லும் பட்டியலில் ‘முரட்டுக்காளை’ (1980), ‘சகலகலா வல்லவன்’ (1982), ‘முந்தானை முடிச்சு’ (1983), ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) எல்லாம் வரும். நான்கும் ஏவி.எம். தயாரிப்பு என்பதைக் கவனியுங்க. கடைசியில் கட்டாயம் ‘கரகாட்டக்காரன்’ (1989). மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய படம் அது. இந்த வரிசையை மசாலா என்று ஒதுக்கிவிட முடியாது. பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் காசு சேர்த்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தவர்களின் தேர்வு அது. ஏமாந்தால் நஷ்டம் நிஜமானது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. டீக்கடையில் கேட்டால் ஆண்களின் பட்டியல்தான் கிடைக்கும். அதே வயதுப் பெண்களிடம் கேட்டபோது வரிசை மாறியது. விசு படம், பாக்யராஜ் படம் மேலே ஏறியது, சண்டைப் படங்கள் இறங்கின. கூடவே, அந்தப் படத்துக்கு யாரோடு போனார்கள், எந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருந்தது என்பதும் சேர்ந்தே வந்தது. நாள் கணக்குப் போஸ்டரில் இவர்கள் வாங்கிய டிக்கெட்டும் இருக்கிறது. ஆனால் பட்டியல் போடும்போது இவர்களை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது அளவுகோல் மதிப்பெண்ணும் விருதும். ஆனந்த விகடன் விமர்சனத்தில் மார்க் போடுவதும், ‘16 வயதினிலே’ 62.5 வாங்கியதும் தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடப் பரீட்சை போல ஒரு படத்துக்கு எண் கொடுக்கலாம் என்ற பழக்கத்தை அது வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் தேசிய விருதும் தூர்தர்ஷனும். அந்தந்த மாநில மொழிகளில் விருது வாங்கிய படங்களை ஞாயிறு மதியத்தில் நாடு முழுக்க ஒளிபரப்பிய காலம் அது. கொட்டகைக்கே வராத படங்கள் பக்கத்து வீட்டு டிவியில் வந்தன. இன்று ஐம்பதைத் தொடுகிறவர்களின் பட்டியலில் கோமல் சுவாமிநாதன் நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ (1981), பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) போன்ற பெயர்கள் வந்தால், அதில் அந்த டிவிப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

இந்த விஷயத்தில் பாண்டிக்குத் தனியாக ஒரு சங்கதி உண்டு. நகரத்தில் அலையன்ஸ் பிரான்சேயும் நவதர்சன் திரைப்படக் கழகமும் அரசோடு சேர்ந்து ஆண்டுதோறும் இந்தியத் திரைப்பட விழா நடத்துகின்றன. ஒரு தமிழ்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் புதுச்சேரி அரசு விருதும் தருகிறது. நாடக ஆசிரியர் பெயரில் சினிமா விருது! பிரெஞ்சுக்காரர்களின் சினிமாக் கழகப் பழக்கமும் நம்ம ஊர்க் கூத்துமேடையும் ஒரே இடத்தில் சந்திக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். ஆனால் அந்த விழாவைப் பற்றித் தொழிற்பேட்டை டீக்கடையில் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. நகரத்துக்கும் இங்கேக்கும் உள்ள தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை.

மூன்றாவது தலைமுறையின் கதை வேறு. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, பிறகு கேபிள், சி.டி., யூடியூப். இவர்களுக்கு நூறாவது நாள் போஸ்டர் தெரியாது. எல்லாப் படமும் ஒரே நாளில் ரிலீஸ் ஆன மாதிரி வரிசையாக நிற்கும். அதனால் ‘மூன்றாம் பிறை’ (1982), ‘மௌன ராகம்’ (1986), ‘நாயகன்’ (1987) ஆகியவை மேலே வந்துவிட்டன. 2005இல் டைம் பத்திரிகை தேர்ந்தெடுத்த நூறு உலகப் படங்களில் ‘நாயகன்’ இடம்பெற்றது இதற்கு இன்னும் வலுச் சேர்த்தது. வெளியான காலத்தில் வசூலில் தோற்ற ‘ராஜ பார்வை’ (1981) இன்று முப்பது வயதுக்காரர்களுக்குச் செல்லப் படம். பேச்சும் மாறிவிட்டது பாருங்க. பெரியவர்கள் ரஜினி படம், கமல் படம் என்பார்கள். இளைஞர்கள் மணிரத்னம் படம், மகேந்திரன் படம் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இளையராஜா ஒருத்தர்தான். பாட்டு கேசட்டில் வந்தது, ரேடியோவில் வந்தது. பிரிண்டுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இப்படி மாறுவது நம்மிடம் மட்டும்தானா? இல்லை. லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டுக் கேட்கிறது. முதல் தடவை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ வென்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து தடவையும் ‘சிட்டிசன் கேன்’ அசையவே இல்லை. 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ஷாந்தல் அக்கர்மான் என்ற பெண் இயக்கிய ‘ழான் டீல்மன்’. அந்தப் படம் வந்தது 1975இல். படம் அப்படியேதான் இருக்கிறது, ஓட்டுப் போடுகிற ஆட்கள்தான் மாறினார்கள்.

சரி, விளையாட்டுப் பேச்சுதானே, யார் பட்டியல் ஜெயித்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931). இன்று ஒரு பிரதி கிடையாது. பழைய காலத்து நைட்ரேட் பிலிம், போகட்டும் என்று விடலாமா? முடியாது. எண்பதுகளுக்கே அந்தக் கதி வந்துவிட்டது. ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இன்று இல்லை என்று பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் இறக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்த நிலைமை என்றால் மற்றதை நினைத்துப் பாருங்க.

ஒரு படத்தைக் காப்பாற்றச் செலவு ஆகும். பிலிமைச் சுத்தம் செய்து, ஸ்கேன் செய்து, ஒலியைச் சரிசெய்ய வேண்டும். யார் அந்தப் பணத்தைப் போடுவார்? பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் போடுவார். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் மெருகேறி மறுபடி ஓடியதற்குக் காரணம், அது எந்தப் பட்டியலிலிருந்தும் விழாமல் இருந்ததுதான். பட்டியலில் இருக்கிற படம் மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகிறது, பார்க்கப்படுவதால் பிழைக்கிறது. விழுந்த படம் முதலில் பேச்சிலிருந்து போகும், பிறகு பெட்டியிலிருந்தும் போய்விடும்.

மூன்று தலைமுறைப் பட்டியலிலும் நான் எதிர்பார்த்துக் காணாத ஒரு படம் உண்டு: கே. ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ (1982). ரகுவரன் நாயகனாக அறிமுகமான படம். பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. கதை என்ன தெரியுமா? சிமென்ட் ஆலையும் அதன் மாசில் அகப்பட்ட ஊரும். சேதராப்பட்டில் எந்த டீக்கடையில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு ஆலையின் மதில் தெரியும். இந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிற எண்பதுகளின் படம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாள் கணக்கில் அது வரவில்லை, கிளிப்பாகவும் சுற்றவில்லை. பாட்டைச் சொன்னால் சிலருக்குத் தெரிகிறது, படத்தின் பெயர் தெரியவில்லை.

அதனால் இப்போது கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். பத்துப் படம் சொல்லுங்க என்பதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் எங்கே பார்த்தீங்க, யாரோடு பார்த்தீங்க, மறுபடி எப்போது பார்த்தீங்க என்றும் எழுதிக்கொள்கிறேன். உங்க வீட்டிலும் கேட்டுப் பாருங்க. முக்கியமாக அம்மா, பெரியம்மா, அத்தைகளிடம். அவர்கள் சொல்கிற படம் இன்று எங்கேயாவது பார்க்கக் கிடைக்கிறதா என்று தேடுங்க. கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரை முதல் வரியில் எழுதி வையுங்க. ‘நாயகன்’ நாலாவது வரியில் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.