'வெண்பா': துயரத்தைப் புதிராக்கிய கணினி விளையாட்டு

கனடாவின் டொரொன்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் இழப்புகளைச் சமையல், இசை ஆகியவற்றின் வழியே கூறும் கணினி விளையாட்டாகும். அபி என்ற தமிழ் வடிவமைப்பாளரின் தலைமையில் சிறு குழு ஒன்று இதனை உருவாக்கியது.

பெரிய நிறுவனங்களின் முதலீடின்றி உருவாகும் இத்தகைய விளையாட்டுகள் 'சுயாதீன விளையாட்டுகள்' எனப்படுகின்றன. துயரம் இவற்றுக்குப் புதிய கருப்பொருள் அல்ல. ஸ்பெயினின் பார்சிலோனா நகரிலுள்ள நொமாடா ஸ்டூடியோ 2018இல் வெளியிட்ட 'கிரிஸ்', குரலை இழந்த பெண் ஒருத்தி நிறமற்ற உலகில் மேற்கொள்ளும் பயணத்தைச் சித்தரித்தது. புதிர்கள் விடுபட விடுபட நிறங்களும், இறுதியில் அவளது பாடும் குரலும் மீள்கின்றன. அங்கே துயரம் உருவகமாக நிற்கிறது. 'வெண்பா'வில் அது அடுப்பங்கரைக்குள் வருகிறது.

கிழிந்த குறிப்பேடு

கதை 1988ஆம் ஆண்டு தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பாவும் அவரது கணவர் பாவலனும் தமது கல்வித் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் தடுமாறுகின்றனர். அங்கு பிறக்கும் மகன் கவின், வளர வளரத் தாயின் மொழியிலிருந்தும் உணவிலிருந்தும் விலகிச் செல்கிறான்.

வெண்பாவிடம் இருப்பது தாயார் தந்த சமையல் குறிப்பேடு. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் உள்ளன. விடுபட்ட படிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி ஆகியவற்றைச் சமைப்பதே ஆடுபவர் விடுவிக்க வேண்டிய புதிர். தவறினால் தண்டனையோ கால வரம்போ கிடையாது, மீண்டும் முயலலாம். சமையல் நேரத்தில் வானொலியில் பாடல்கள் ஒலிக்கின்றன. இந்த விளையாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட அப்பாடல்கள், தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலகட்டங்களை நினைவூட்டும் வகையில் அமைந்துள்ளன. காலம் நகர்வதை ஆடுபவர் செவிவழியே உணர்கிறார்.

பாவலனின் மறைவுக்குப் பின் வெண்பா தாயகம் திரும்புகிறார். அதன்பின் விளையாட்டு கவினின் கைக்கு மாறுகிறது. அரைகுறையாகவே படிக்கத் தெரிந்த தமிழில் உள்ள குறிப்பைக் கொண்டு அவன் சமைக்க முயல்கிறான். தாய்க்குக் கிழிந்த தாள் எவ்வாறு தடையாக இருந்ததோ, மகனுக்கு மொழியே அவ்வாறு தடையாகிறது.

விருதுகள்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற சுயாதீன விளையாட்டுகள் விழாவில் 'வெண்பா' முதன்மைப் பரிசைப் பெற்றது. 2000ஆம் ஆண்டு தமது 21ஆவது வயதில் புற்றுநோயால் மறைந்த கனேடிய விளையாட்டு வடிவமைப்பாளர் ஷேமஸ் மக்னாலியின் பெயரால் அப்பரிசு வழங்கப்படுவது குறிப்பிடத்தக்கது. அடுத்த மாதம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு அளித்தது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இவ்விளையாட்டு மிகவும் சுருக்கமானது என்ற குறையும் கூறப்படுகிறது. ஆயினும், நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்மவுத் ஜங்ஷன் போன்ற ஊர்களில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இக்கதை அந்நியமானதல்ல. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எழுத்தைக் கற்பிக்கின்றன. ஆனால் பாட்டியின் குறிப்பேட்டைப் படிக்கும் தேவையைப் பிள்ளை உணர்வது வேறு விடயம்.

புலம்பெயர்ந்தோரின் துயரம் மரணத்தில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு மொழி மெல்ல மறைவதிலும் இருக்கிறது என்பதே 'வெண்பா' கூறும் செய்தி. சமையல் குறிப்பின் விடுபட்ட வரிகளை ஊகித்து நிரப்பிவிடலாம். தாயும் மகனும் பேசாமல் கடந்த ஆண்டுகளுக்கு இவ்விளையாட்டு அத்தகைய விடையைத் தரவில்லை. இருவரையும் மீண்டும் ஒரே அடுப்பின் முன் நிறுத்துவதோடு அது அமைகிறது.