மீகாமனை இழந்த சொல்

நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு வண்டியின் படத்தைக் காட்டி அதன் பெயர் 'சைபர்டிரக்' என்று சொல்லும்பொழுது, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தாவின் முகத்தில் ஓர் ஐயம் படர்வதைக் காணலாம். அவருக்குச் சைபர் என்றால் பூச்சியம். கணக்குத் தேர்வில் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தாரே, அதுதான் சைபர். "சைபர் வண்டியா? ஒன்றுக்கும் உதவாது என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்களா?" என்று அவர் கேட்கப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பின்னர், "சரி, அப்படியானால் சைபர் என்றால் என்ன?" என்று அவர் மீண்டும் கேட்டால், சிரித்த பிள்ளைகளும் விழிப்பார்கள். பெற்றோராகிய நாமும் 'கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது' என்று சொல்லி நழுவிவிடுவோம்.

தாத்தாவின் சைபரும் பிள்ளைகளின் சைபரும் ஒலியால் ஒன்று, குலத்தால் வேறு. பூச்சியத்தைக் குறிக்கும் சைபர், வடமொழிச் 'சூன்யம்' என்பதை அரபியர் 'சிஃப்ர்' என்று மொழிபெயர்த்ததிலிருந்து பிறந்தது. இந்நாட்டுக் கணக்கு அரபு நாடு வழியாக ஐரோப்பா சென்று, ஆங்கிலச் சொல்லாக நம்மிடமே திரும்பி வந்தது. வண்டியின் பெயரிலுள்ள சைபரோ கிரேக்கக் கப்பலின் பின்னணியத்தில் பிறந்த சொல். 'கியூபெர்நேதேஸ்' என்பது அதன் முழு வடிவம். சுக்கான் பிடித்துக் கலத்தைச் செலுத்துவோன் என்பது அதன் பொருள். நம் பழந்தமிழ் அவனை மீகாமன் என்று அழைக்கும். பின்னாளில் நாம் வழங்கத் தொடங்கிய மாலுமி, சுக்கான் என்னும் இரண்டு சொற்களும் அரபியர் தந்தவை. கடலில் எவர் கை ஓங்கியிருந்ததோ அவர் சொல்லும் ஓங்கியிருந்தது.

கிரேக்கரின் பழங்காவியமாகிய ஒடிசியிலேயே இந்த மீகாமன் வந்துவிடுகிறான். திராய்ப் போர் முடிந்து மெனெலாவோஸ் என்னும் அரசன் ஊர் திரும்பும் வழியில், ஏதென்சுக்கு அருகிலுள்ள சூனியன் முனையில், அவனுடைய மீகாமன் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தில் சுக்கானைப் பிடித்த கையோடு இறந்து போகிறான். ஊருக்கு விரையும் அவசரத்திலும் அரசன் பயணத்தை நிறுத்தி அவனுக்குரிய ஈமக்கடன்களைச் செய்துவிட்டே புறப்படுகிறான். அம்மீகாமனின் பெயர் ஃபிரோந்திஸ். கருத்து, கவலை, அக்கறை என்றெல்லாம் அப்பெயருக்குப் பொருள் சொல்லலாம். சுக்கான் பிடிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இதே சொல் தமிழகத்தின் கரை வரை வந்ததற்கும் சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதி வைத்த 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வழிநூல் முசிறியைப் பேசுகிறது. கீழைக் கரையின் துறைகளையும் பேசுகிறது. கரையை ஒட்டியே வந்துகொண்டிருந்த கிரேக்கக் கப்பல்கள் பருவக்காற்றைத் துணைக்கொண்டு நடுக்கடலைக் குறுக்கே கடக்கக் கற்றுக் கொடுத்தவன் ஹிப்பலஸ் என்று அந்நூல் கூறுகிறது. அவனுக்கு அது சூட்டும் அடைமொழி இதே 'கியூபெர்நேதேஸ்' தான். அக்காற்றை அவன் 'கண்டுபிடித்தான்' என்று மேனாட்டு நூல்கள் எழுதுவதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அரபிக் கரையினரும் நம்மவரும் அறிந்திருந்ததை அவன் தன் இனத்தாருக்கு அறிவித்தான் என்பதே பொருந்தும். கரிகாலனைப் பாடும் வெண்ணிக் குயத்தியார், அவனுடைய முன்னோன் ஒருவன் கடலில் காற்றை ஏவல் கொண்டான் என்று புறநானூற்றில் பாராட்டுகிறார் அல்லவா? யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட கலங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கியூபெர்நேதேஸ் நின்றிருப்பான். அச்சொல்லை முசிறித் துறையில் நின்ற தமிழர் காதால் கேட்டிருக்கவும் கூடும்.

கப்பலிலிருந்து இச்சொல்லைக் கரையேற்றி நாட்டின் தலையில் அமர்த்தியவர்களுள் முதன்மையானவர் பிளேட்டோ. தம் 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில், காலத்தையும் வானத்தையும் விண்மீன்களையும் காற்றையும் கற்றறிந்த மீகாமனை ஒதுக்கிவிட்டுச் சுக்கானுக்காக அடித்துக்கொள்ளும் கப்பலாட்களைக் காட்டி, அறிவில்லாதார் ஆட்சிக்கு வரும் நாட்டின் நிலையை அவர் விளக்கினார். உரோமர் இச்சொல்லைக் 'குபெர்நாத்தோர்' என்று திரித்துக் கொண்டனர். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான் 'கவர்னர்'. ஆக, மாநில ஆளுநரும் சைபர்டிரக்கும் சொல்வழியில் நெருங்கிய உறவினர்!

கவர்னர் பதவியில் மனிதர்கள் மட்டும் அமரவில்லை. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில், சுழலும் இரண்டு குண்டுகளைக் கொண்ட ஒரு கருவியைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அவை தாழ்ந்து நீராவியைக் கூட்டும். அதற்கும் கவர்னர் என்றே பெயர். நம் பேருந்துகளிலும் லாரிகளிலும் 'ஸ்பீடு கவர்னர்' என்று ஓட்டுநர்கள் சொல்வது அக்குலத்தின் கடைக்கொழுந்து. 1868இல் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் இக்கருவிகளின் கணிதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ எண்பதாண்டு கழித்து அக்கட்டுரையே நம் கதையின் திருப்புமுனையாயிற்று.

அதற்குமுன், மின்சாரத்தின் வரலாற்றில் இடம்பெற்ற இருவரை இங்கே நினைக்க வேண்டும். மின்னோட்டத்தின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஆம்பியர், அறிவுத்துறைகளை வகைப்படுத்தி எழுதிய நூலில், ஆளும் கலைக்குச் 'சிபெர்நெத்திக்' என்று பெயரிட்டார். அந்நூலின் முதற்பகுதி 1834இலும், அடுத்தது அவர் மறைந்தபின் 1843இலும் வெளிவந்தன. மற்றவர் நிக்கோலா டெஸ்லா. காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு 1960இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2003இல் தொடங்கப்பட்ட மின்வண்டி நிறுவனமும் அவர் பெயரையே எடுத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் வண்டிக்கு மீகாமனின் பெயர் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் 1898இல் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் டெஸ்லா மக்களுக்குக் காட்டியது என்ன தெரியுமா? ஒரு நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு. அதில் ஆள் இல்லை, கயிறு இல்லை, கம்பி இல்லை. எட்ட நின்ற டெஸ்லா கம்பியில்லா அலைகளை அனுப்ப, அது திரும்பிற்று, ஓடிற்று, நின்றது. மீகாமன் இல்லாத கலத்தை உலகம் அன்று கண்டது. அவ்வாண்டு அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பில் கலங்களோடு வண்டிகளும் சேர்க்கப்பட்டிருந்தன.

சொல்லை மறுபடி உயிர்ப்பித்தவர் அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர். இரண்டாம் உலகப்போரின்போது, பறந்துகொண்டிருக்கும் பகை விமானம் அடுத்த நொடியில் எங்கிருக்கும் என்று கணித்துப் பீரங்கியைத் திருப்பும் எந்திரத்தைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். இலக்கைப் பார்த்தல், விலகலை அறிதல், திருத்துதல், மீண்டும் பார்த்தல் என்னும் சுற்று, எந்திரத்திலும் உண்டு, மனித நரம்பிலும் உண்டு என்பதை அவரும் மெக்சிகோ நாட்டு உடலியல் அறிஞர் ரோசன்புளூத் முதலியோரும் உணர்ந்தனர். இதற்கு ஒரு பெயர் வேண்டுமே! மாக்ஸ்வெல்லின் கட்டுரைக்கு மரியாதையாகக் கவர்னர் என்பதன் வேரைத் தேடிச் சென்று கியூபெர்நேதேஸை அடைந்து, 1947இல் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டனர். மறு ஆண்டு அப்பெயரிலேயே வீனரின் நூல் வெளிவந்தது. கப்பலின் சுக்கான் எந்திரமே பின்னூட்டத்தால் இயங்கும் கருவிகளுள் பழமையானதும் நன்கு வளர்ந்ததும் ஆகும் என்பதையும் அவர் பெயருக்குக் காரணமாகக் காட்டுகிறார். அலை தள்ளுகிறது, மீகாமன் காண்கிறான், கை திருத்துகிறது, கலம் பதில் சொல்கிறது. அவ்வளவுதான் அவ்வறிவியலின் கரு.

வீனரிடம் நாம் இன்னும் சற்று நிற்க விரும்புகிறோம். 1955-56இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தவர் என்ற உறவு ஒருபுறம். தாம் பெயரிட்ட அறிவியலைக் கண்டு தாமே அஞ்சியவர் என்பது மறுபுறம். ஏவுகணை செய்யும் ஒரு நிறுவனத்துப் பொறியாளர் அவருடைய போர்க்கால ஆராய்ச்சியின் படி ஒன்றைக் கேட்டபொழுது, தர இயலாதென மறுத்து, அம்மறுப்பை 1947இல் ஊரறிய அச்சிட்டார். 1949இல் அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிற்சாலைகளை ஆளில்லாமல் நடத்தும் எந்திரங்கள் வரப்போகின்றன, அவை பெரும் வேலையின்மையைக் கொண்டுவரும், தொழிலாளர் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அவர் எழுதியது மோட்டார் வண்டி செய்வோர்க்கு என்பதை நினைவில் வைப்போம்.

அறிஞர் முழுச்சொல்லைத் தந்தார். உலகம் அதை நறுக்கிக்கொண்டது. 1960இல் மனிதனையும் எந்திரத்தையும் இணைத்துச் 'சைபார்க்' என்றனர். 1982இல் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில் 'சைபர்ஸ்பேஸ்' என்று எழுத, இரண்டாண்டில் அவருடைய 'நியூரோமான்சர்' நாவல் அதனைப் பரப்பிற்று. பின்னர்ச் சைபர் கஃபே, சைபர் குற்றம், சைபர் காவல் நிலையம் என்று ஊரெல்லாம் சைபர். குருகிராமத்தில் ஒரு சைபர் சிட்டியே எழுந்தது. தமிழ் மட்டும் 'இணையவெளி' என்று தனக்கெனச் சொல் சமைத்து ஒதுங்கி நின்றது. நின்றும் என்ன பயன், நம் செய்தித்தாள்களில் சைபரே வெல்கிறது.

இந்த நறுக்கலில் நிகழ்ந்தது ஒன்று உண்டு. கியூபெர்நேதேஸ் என்பதன் இறுதியிலுள்ள 'தேஸ்' என்பதே 'செய்பவன்' என்னும் பொருள் தரும் விகுதி. நம் ஓட்டுநர், ஆளுநர் என்பவற்றின் 'நர்' போன்றது. ஓட்டுநரில் 'நர்' போனால் எஞ்சுவது வெறும் ஓட்டம், ஆள் இறங்கிவிடுவார். சைபர் என்று நறுக்கியபொழுது வெட்டுண்டு வீழ்ந்தது மீகாமனைக் குறித்த உறுப்புத்தான். இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் அடுத்து வந்தவற்றைக் காணுங்கால் சொல்லுக்கே முன்னறிவு இருந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

2019 நவம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த ஹாதார்னில் சைபர்டிரக் மேடையேறியது. 1982இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' திரைப்படம் தன் கதை நிகழும் காலமாகவும் இடமாகவும் காட்டியதும் 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சல்ஸ்தான். அப்படத்தின் தாக்கம் வண்டியின் வடிவில் உண்டு என்று அதனைச் செய்தோரே கூறினர். வளைவின்றிக் கத்தரித்த துருவேறா எஃகுத் தகடும், உடையாதெனச் சொல்லி உருண்டையை எறிந்தபோது மேடையிலேயே விரிசல் கண்ட கண்ணாடியும் அன்று உலகெங்கும் பேசப்பட்டன. பெயரை எவரும் பேசவில்லை. பெயரின் பிற்பாதியும் கப்பலுக்கு அயலன்று. 'ட்ரக்' என்பது 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், கப்பற் பீரங்கியின் அடியில் பொருத்தும் சிறு உருளையைக் குறித்தது. சக்கரத்தைக் குறிக்கும் 'த்ரோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர் என்று சொல்லாய்வாளர் கருதுவர். எதிர்காலத்தின் பெயரென்று எண்ணி வைத்தது, மீகாமனும் பீரங்கி உருளையுமாக, பழைய கப்பலொன்றின் தளத்தில் நிற்கிறது.

2023 நவம்பர் 30இல் முதல் வண்டிகள் வாங்கியோர் கைக்கு வந்தன. அவற்றில் நாம் வியப்பது எஃகை அன்று, ஸ்டியரிங்கை. வழக்கமான வண்டியில் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டு இறங்கும். இதில் அத்தகைய பிணைப்பே இல்லை. கையின் திருப்பத்தைக் கருவி அளந்து மின்கம்பியில் செய்தியாக அனுப்ப, மோட்டார்கள் சக்கரத்தைத் திருப்புகின்றன. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை வேகத்தைப் பார்த்து எந்திரமே முடிவு செய்கிறது. வீனர் சொன்ன சுற்று, அவர் பெயரிட்ட சொல்லோடு, மெய்யாகவே சுக்கானுக்குத் திரும்பியிருக்கிறது. கை கேட்கிறது, எந்திரம் திருப்புகிறது.

இதுவரை மீகாமன் இருக்கையில்தான் இருந்தான். 2024 அக்டோபரில் அதே நிறுவனம் 'சைபர்கேப்' என்னும் வாடகை வண்டியை மக்கள் முன் காட்டியது. இரண்டே பேர் அமரலாம். ஓட்டுநர் இல்லை, கால்மிதி இல்லை, திருப்புவதற்கு ஸ்டியரிங்கும் இல்லை. பிழைப்புத் தேடி இந்நகரங்களுக்கு வந்த நம்மவருள் வண்டி ஓட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்தியோர் பலர். அவர்கள் படிக்க வைத்த பிள்ளைகள்தாம் இன்று கைப்பேசியில் இப்படங்களைக் காட்டுகின்றனர். வீனரின் கடிதம் அவர்களுக்கும் எழுதப்பட்டதே. அவ்வண்டியின் பெயரில் முன்நிற்கும் சொல் மட்டும், சுக்கானைப் பிடித்த கையோடு இறந்த ஃபிரோந்திஸின் தொழிற்பெயரில் பாதி.