மீந்த கிழங்கும் மாலைச் சிற்றுண்டியும்

பெங்களூரு நகரில் மாலை நான்கு மணிக்குமேல் காந்தி பஜார்ப் பக்கம் நடந்து செல்வோர், எண்ணெயில் போண்டா பொரியும் மணத்தை நன்கு அறிவர். நகரின் மற்றொரு பகுதியில், பிரேசர் டவுன், ரிச்மண்ட் டவுன் முதலிய இடங்களிலுள்ள ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில், ரொட்டித்தூளில் புரட்டிய 'பொட்டேட்டோ சாப்' என்னும் பண்டம் இரும்புச் சட்டியில் சிவந்து வருவதும் பழைய வழக்கமே. முன்னது கடலைமாவுச் சட்டை அணிந்தது. பின்னது ரொட்டித்தூள் போர்த்தது. இரண்டையும் பிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றே. அது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. வீடுகளில் அது பெரும்பாலும் காலையிலோ நண்பகலிலோ சமைத்து, உண்டது போக மீந்த கிழங்காகவே இருக்கும்.

மீந்த உணவுக்கும் வரலாறு உண்டோ என நேயர்கள் வினவலாம். மன்னர்கள் என்ன உண்டனர் என்பதை ஏடுகள் கூறும். மக்கள் எதை வீணாக்காமல் காத்தனர் என்பதை அடுப்பங்கரைதான் கூறும். கடல் கடந்து வந்த ஒரு கிழங்கு நம் வீட்டுப் பொருளாக மாறியது எவ்வாறு என்பதை, இம்மாலைச் சிற்றுண்டியைக் கொண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. இன்றைய பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய பகுதியில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அதனைப் பயிர் செய்யத் தொடங்கினர் என்பது அறிஞர் கருத்து. மிஞ்சிய விளைச்சலைக் காக்கும் வழியையும் அம்மலைவாழ் மக்களே முதலில் கண்டனர். கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்து நீரை அகற்றுவர். 'சுன்யோ' என்னும் அவ்வற்றல் ஆண்டுக் கணக்கில் கெடாது. அறுவடையில் எஞ்சியதை வேறொன்றாக மாற்றி உண்ணும் கலை இக்கிழங்குடன் பிறந்ததே எனலாம்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களின் வழியாக அது இந்தியக் கரையை அடைந்தது. அது வந்த வழியை அதன் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. மராத்தியரும் குஜராத்தியரும் போர்த்துக்கீசியரின் சொல்லைப் பின்பற்றி 'பட்டாட்டா' என்கின்றனர். சிங்களவர் டச்சுச் சொல்லிலிருந்து 'அர்தாபல்' என்ற பெயரை ஆக்கிக்கொண்டனர். தெலுங்கர் 'பங்காளாதும்ப', அதாவது வங்காளக் கிழங்கு என்றனர். கன்னடத்தில் அது 'ஆலூகட்டெ'. தமிழராகிய நாமோ, அது வந்த ஊரைப் பற்றிக் கவலைப்படாமல், அதன் உருவத்தைக் கண்டு உருளைக்கிழங்கு என்று பெயரிட்டு விட்டோம்.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இந்நகரம் நெடுங்காலம் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று 1537-இல் கெம்பெகவுடர் அமைத்த பேட்டை. கன்னட நாட்டு வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த பகுதி அது. மற்றொன்று 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட், அதாவது படை முகாம். சென்னைப் படையுடன் வந்த சிப்பாய்களும், அவர்களை நம்பித் தொழில் செய்த தமிழ் மக்களும் அல்சூரிலும் இன்று சிவாஜி நகர் எனப்படும் பகுதியிலும் குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் தமிழகத்திலிருந்து வந்தோர் தொகை மேலும் பெருகியது. இரு பகுதிகளும் தனித்தனி நகராட்சிகளாக இயங்கி, 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த இந்நகரின் குளிர்ந்த காற்று சீமைக் காய்கறிகளுக்கு ஏற்றதாக இருந்தது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம், ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டுச் செடிகளைப் பழக்கிப் பரப்பும் இடமாயிற்று. நாம் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்று வழங்கும் சௌசௌவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இந்நகரின் பெயரைத் தாங்கி நம் சந்தைகளில் உலவுவதே. தமிழ்நாட்டின் பக்கத்தில், 1820-ஆம் ஆண்டுகளில் ஜான் சல்லிவன் உதகையில் உருளைக்கிழங்கைப் பயிராக்கினார். இன்றும் 'ஊட்டிக் கிழங்கு' என்றால் நம்மவர்க்குத் தனி மதிப்பு.

கன்டோன்மென்ட் சமையலறையில் இக்கிழங்கு என்ன ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமை பொரித்த இறைச்சியுடன் மசித்த கிழங்கு பரிமாறுவது ஆங்கிலேயர் வழக்கம். மீந்த கிழங்கையும் முட்டைக்கோசையும் மறுநாள் வதக்கி உண்பது அவர்கள் நாட்டு ஏழை எளியோர் வழக்கம். இங்கே குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், மீந்த இறைச்சி நெடுநேரம் தாங்காது. ஆதலின் அதனை இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கொத்தி, மசித்த கிழங்கின் உள்ளே பொதிந்து, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தனர். அதுவே ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் இன்றளவும் போற்றப்படும் 'பொட்டேட்டோ சாப்'. வங்காளத்தில் 'ஆலூர் சாப்' எனப்படுவது அதன் உறவு. 'கட்லெட்' என்ற சொல்லோ பிரெஞ்சு மொழியில் விலா எலும்புத் துண்டத்தைக் குறித்தது. நம் நாட்டில் எலும்பும் போயிற்று, இறைச்சியும் போயிற்று. பெயர் மட்டும் கிழங்கின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது!

பேட்டைப் பகுதியில் நிலைமை வேறு. ஆசாரம் மிகுந்த இல்லங்களில் இக்கிழங்குக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, அது சீமைக் காய். திவச நாளில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீன்ஸ் முதலியவற்றைச் சமைக்காத வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. இரண்டாவது, மீந்தது பழையது. நேற்றைய சோற்றையும் குழம்பையும் இலையில் இடுவது விருந்தினர்க்கு இழுக்கு என்று கருதினர். அந்நியம் ஒன்று, பழையது மற்றொன்று. இவ்விரு குறைகளும் ஒருசேரப் பெற்ற பொருள் எவ்வாறு விருந்தினர் தட்டை அடைந்தது?

விடை வாணலியில் இருக்கிறது. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து எடுக்கும் பண்டம் இக்கிழங்கினும் மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் வடை முதலிய பண்டங்கள் கூறப்படுகின்றன. கன்னட நாட்டிற்குப் பொரிப்பது புதிதன்று. உள்ளே வைக்கும் பொருள்தான் புதிது. கடலைமாவுச் சட்டையை அணிந்தவுடன் அந்நியக் கிழங்கு உள்ளூர்ப் பண்டம் ஆயிற்று. எண்ணெயில் மீண்டும் பொரிந்தவுடன் பழையது புதியது ஆயிற்று. மீந்ததை மீந்ததாகவே இடுவது வேறு. அதனை உழைப்பினால் வேறொன்றாக்கி இடுவது வேறு. இந்த வேற்றுமையை நம் தாய்மார் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஒரு போண்டாவைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள். கிழங்கும் பச்சைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. பொரிக்கும் கடலை எண்ணெய்க்கு மூலமான நிலக்கடலையும் அங்கிருந்தே வந்தது. இஞ்சியும் மஞ்சளும் கறிவேப்பிலையும் நம்முடையவை. பெருங்காயம் ஆப்கானிய நாட்டுப் பக்கத்திலிருந்து வருவது. உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக்குள் உலக வணிகத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

இப்பழக்கத்தைப் பொது வாழ்வில் பரப்பியவை உடுப்பி உணவகங்கள். மசாலா தோசையின் உள்ளே வைக்கும் மஞ்சள் நிறக் கிழங்குக் கறியைக் கன்னடத்தில் 'பல்யா' என்பர். நம் வீட்டுப் பொடிமாசுக்கு அது உடன்பிறப்பு. 1943-இல் காந்தி பஜாரில் மாணவர்க்கென்று தொடங்கிய வித்யார்த்தி பவன் இன்றும் தன் மசாலா தோசைக்குப் பெயர் பெற்றது. அது தொடங்கிய காலத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அந்நாட்டு அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசி அரிதானமையால் ரவையைக் கொண்டு இட்லி செய்யும் முறையை அப்போதுதான் கண்டதாகப் பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம் கூறும். ஆங்கில நாட்டிலும் அக்காலத்தில் கோதுமையைச் சிக்கனப்படுத்துவதற்காகக் கிழங்கை மிகுதியாக உண்ணுமாறு அரசாங்கமே பிரசாரம் செய்தது. பிடி அரிசிக்கும் கணக்குப் பார்த்த அந்நாளில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கிழங்கைக் குப்பையில் கொட்ட எவர்க்கு மனம் வரும்?

இனி, மீந்த கிழங்கு ஏன் மொறுமொறுப்பிற்கு ஏற்றது என்பதைக் காண்போம். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகிறது. அதனால்தான் சூடாக மசித்த கிழங்கு கையில் ஒட்டுகிறது. எண்ணெயில் இட்டால் பிரிகிறது. ஆறிய பின்னரோ அப்பசை இறுகுகிறது; மேற்புற ஈரமும் ஓரளவு உலர்கிறது. ஆகவே மறுவேளைக் கிழங்கு நன்கு உருண்டு நிற்கும். ஏறக்குறைய 180 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள எண்ணெயில் இட்டவுடன், மேற்புற நீர் ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேற, மேலோடு உலர்ந்து பொன்னிறமாகிறது. உள்ளே மென்மை நிலைக்கிறது. எண்ணெய் காயாமல் இருந்தால் பண்டம் எண்ணெயைக் குடித்து விடும்.

செய்முறையும் எளிதே. இரண்டு கிண்ணம் மசித்த கிழங்கிற்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு சேர்த்துப் பிசைந்தால் ஈரம் கட்டுப்படும். வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு ஆகியவற்றை அளவறிந்து சேர்க்கலாம். உருட்டிக் கடலைமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் போண்டா. தட்டையாகத் தட்டி, நீர்க்கக் கரைத்த மைதாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் இரு புறமும் சிவக்க விட்டால் கட்லெட். ஆனால் ஓர் எச்சரிக்கை. வேகவைத்த கிழங்கை இரவு முழுவதும் அடுப்பு மேடையில் திறந்து வைத்தல் தகாது. ஆறியவுடன் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்துதல் வேண்டும். புளித்த வாடை வீசுவதை எண்ணெயும் காப்பாற்றாது.

இச்சிக்கனத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது உழவரைப் பற்றியது. கர்நாடகத்தில் உருளைக்கிழங்கிற்குப் பெயர் பெற்றது ஹாசன் மாவட்டம். அங்கே மழைக்காலத்தை நம்பிப் பயிரிடுகின்றனர். விதைக்கிழங்கைத் தொலைவிலுள்ள பஞ்சாபின் ஜலந்தர்ப் பகுதியிலிருந்து விலை கொடுத்து வாங்குகின்றனர். மழையும் குளிரும் மிகுந்தால் பின்பருவக் கருகல் நோய் சில நாட்களிலேயே வயல் முழுவதையும் கருக்கி விடும். 1845-இல் அயர்லாந்தில் புகுந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மடியக் காரணமானது இந்நோயே. 1949-இல் தோன்றிப் பின்னர் சிம்லாவிற்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், 1968-இல் 'குப்ரி ஜோதி' என்னும் வகையை வெளியிட்டது. நோயைத் தாங்கிய அவ்வகை ஹாசன் உழவர்க்குப் பெருந்துணையாயிற்று. காலப்போக்கில் அதன் தாங்கும் திறனும் குன்றியது. அவ்வுழவரின் போராட்டம் ஓயவில்லை.

ஹாசனில் ஒரு குடும்பம் கடன்பட்டு வாங்கிய விதை, கருகலுக்குத் தப்பி, மூட்டையாகி, பெங்களூரின் மொத்த அங்காடி வழியாக நம் வீட்டை அடைகிறது. அதில் ஒரு பிடி மீந்தால், அதனைக் கொட்டுவதா, உருட்டுவதா என்பதை நாம் முடிவு செய்கிறோம். கன்டோன்மென்ட் சமையற்காரரும் பேட்டையின் பாட்டியும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மொழி வேறு, சமயம் வேறு, நகராட்சியும் வேறு. ஆயினும் அந்த ஒரு பிடிக் கிழங்கின் முன்னே இருவரும் ஒரே முடிவைச் செய்தனர். நகரம் ஒன்றாவதற்கு வெகுநாள் முன்பே அவர்கள் இருவரும் வாணலியை அடுப்பில் ஏற்றி விட்டனர்.