இழையும் இழப்பும்: வல்வெட்டித்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

மேலைநாட்டு அரும்பொருட்சாலைகளிலே ‘துயரணி’ எனத் தனியாக வகுக்கப்பட்ட ஒரு பிரிவினைக் காணலாம். இறந்தாரின் பெயரும் இறந்த நாளும் பொறித்த மோதிரங்கள், அவர்தம் தலைமயிரைப் பின்னி உள்ளே வைத்த பதக்கங்கள், கருநிற மாலைகள் என்பன அப்பிரிவில் அடங்கும். ஒருவர் இறந்ததும் அவர் நினைவாக அணிகலன் ஒன்றைத் தெரிந்தெடுத்துச் செய்விப்பது அங்கு நெடுங்கால வழக்கம். தமது சாவுக்குப்பின் நண்பர்க்கு மோதிரம் செய்து வழங்கவெனப் பணம் ஒதுக்கி மரணசாதனம் எழுதிய ஆங்கிலேயர் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே பலராவர். தமிழில் இதற்கு நேரான சொல் வழக்கில் இல்லை. ‘துயரணி’ என்பதும் இக்கட்டுரையின் தேவை கருதி ஆக்கிக்கொண்ட சொல்லே. பொன்னின்மீது இத்துணை விருப்புடைய ஒரு சமூகத்தில் இச்சொல் ஏன் தோன்றவில்லை என்பது ஆராயத்தக்கது. அவ்வினாவுக்கு விடை தேடும் களமாக வடமராட்சியின் கடற்றுறையாகிய வல்வெட்டித்துறையை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஒப்புநோக்குக்கு முதலில் மற்றொரு துறைமுகத்தைக் குறிப்பிடல் பொருந்தும். இங்கிலாந்தின் வடகடற் கரையிலுள்ள விற்பி, கப்பலோட்டிகளுக்கும் திமிங்கில வேட்டைக்கும் பெயர்போன ஊர். அதன் கரையோரப் பாறைகளிலே பண்டைக்கால மரங்கள் மண்ணுட் புதைந்து இறுகியமையால் உண்டான ஒருவகைக் கருங்கல் கிடைத்தது. 1861 டிசம்பர் 14 இல் விக்டோறியா மகாராணியின் கணவர் அல்பேட் இளவரசர் காலமானார். அரசி தாம் 1901 இல் இறக்குமட்டும் துயருடை களையவில்லை. அரசவையிலே துக்க காலத்தில் அணியத்தக்கதாக அக்கருங்கல் அணி ஏற்கப்படவே, நாடு முழுவதும் அதனை வேண்டிற்று. விற்பியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தொழிலில் ஈடுபட்டனர். ஓர் அரசியின் கைம்மை ஒரு துறைமுகத்துக்குச் சோறு போட்டது எனக் கூறின் அது மிகையாகாது.

தமிழ் மரபு இதற்கு நேரெதிரான திசையிற் சென்றுள்ளது. இங்கு இழப்பின் அடையாளம் அணிதல் அன்று, களைதலே. கரிகாலன் மறைந்தபின் அவனுடைய மகளிர் இழை களைந்து நின்ற கோலத்தை, ஆயர் தழை கொய்தமையாற் பொலிவிழந்த வேங்கை மரத்தோடு ஒப்பிட்டுக் கருங்குழலாதனார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உண்டு. தலைவனை இழந்த மனைக்கு அணிகலன் கழித்த பெண்ணை உவமை கூறும் பாட்டும் அத்தொகையிலேயே உளது. சிலப்பதிகாரத்திலே கணவன் பிரிந்திருந்த காலத்துக் கண்ணகி மங்கல அணியன்றிப் பிறிதணி விரும்பாதிருந்தாள். ஆகவே, பிரிவில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளல், இறப்பில் அதனையும் களைதல் என்னும் ஒழுங்கு பழைமையானது. பழந்தமிழர் திருமணத்திலே தாலி இருந்ததா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் இங்கு வேண்டியதில்லை. தாலிக்கு முன்பும் களைதல் இருந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

யாழ்ப்பாணத்துத் தாலியின் வரலாற்றை நோக்குமிடத்து ஒரு விந்தை புலப்படுகிறது. திருமணத்துக்கு முன் நல்ல நாளிலே மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடைபெறும். பத்தர் வந்து பொற்காசொன்றைச் சுற்றத்தார் முன்னிலையில் உருக்குவார், அதிலிருந்து தாலி ஆகும். அதனைத் தாங்கும் கொடி பல பவுண் நிறையுடையது, பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணாக அமைவது. கொடியில் தாலிக்கு இருமருங்கும் பவுண் காசு கோத்து அணிவது வழக்கமாயிற்று. பவுண் என நாம் வழங்கும் நிறையே அந்த ஆங்கிலக் காசிலிருந்து வந்ததுதான். 22 கரட் மாற்றும் ஏறத்தாழ 8 கிராம் நிறையும் உடையது அது. அக்காசிலே 1887 முதலாகப் பொறிக்கப்பட்ட விக்டோறியாவின் முகம் கைம்மைத் திரையணிந்த முகம். 1893 முதலான காசிலே அத்திரை மேலும் தெளிவாகத் தெரியும். தாலியறுத்தவளை நல்ல காரியத்துக்கு முன்னே வரவொட்டாது தடுத்த ஊரிலே, சுமங்கலியின் கழுத்திலேயே ஒரு கைம்பெண் தொங்கினாள்! எம் பாட்டிமார் எவரும் இதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது மாற்றையும் நிறையையுமே.

இனி வல்வெட்டித்துறைக்கு வருவோம். இவ்வூரார் பாய்க்கப்பல் கட்டிப் பருவக்காற்றின் துணைகொண்டு தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிபம் புரிந்தவர்கள். ஆடவர் கரையிலே கழித்த நாளிலும் கடலிலே கழித்த நாள் மிகுதி. இங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி அதற்குப் புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயரிட்டார். அது 1937 இல் புறப்பட்டு, சூயசைக் கடந்து மத்தியதரைக்கடல் வழியாக அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றோர் இவ்வூர் மாலுமிகள். இச்செலவினைப் பற்றி எழுதுவோர் யாவரும் மாலுமிகளின் தீரத்தையே எழுதுவர். ஓராண்டுக்கு மேலாகக் கரையிலே கொடியணிந்து காத்திருந்த பெண்களைப் பற்றி எழுதுவார் இலர். அக்கப்பலார் கரை சேர்ந்தனர். சேராத கப்பல்களும் உண்டு. உடல் கரைசேராத விடத்துச் சாவை எவ்வாறு துணிவது? தாலியை எந்நாளிற் களைவது? வயலூரிலே எழாத வினா கடலூரிலே எழுகின்றது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏழாண்டுகள் செய்தியில்லாதிருப்பின் இறந்ததாக ஊகிக்க இடமளித்தது. அது நீதிமன்றுக்கு ஏற்ற கணக்கு. ஒரு பெண் தன் கழுத்திலுள்ள பொன்னுக்கு அக்கணக்கை ஏற்க வேண்டும் என்பது எங்கும் விதிக்கப்படவில்லை. களையாமலிருப்பதும் ஒரு தெரிவு என்பதை மறந்துவிடலாகாது.

களைந்தபின் அப்பொன் யாது ஆகிறது? இவ்விடத்தே தேசவழமை உதவுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1706 இல், திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்து வழக்குகளைத் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806 இல் அத்தொகுப்புக்குச் சட்ட வலுக் கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்பட்ட சொத்திலே, கணவன் கொணர்ந்தது ஆண்வழிக்கும் மனைவி கொணர்ந்தது பெண்வழிக்கும் செல்வதே பழைய முறை என்பது அத்தொகுப்பாற் புலனாகும். போர்த்துக்கேயர் காலத்திலே இம்முறை நெகிழ்ந்து, தந்தையின் முதுசத்திலிருந்தும் பெண்ணுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் புகுந்தமையும் அதிலே சொல்லப்படுகிறது. நம் பொருளுக்கு மிக நெருங்கிய விதி பிறிதொன்று. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்ய விரும்பின், பிள்ளைகளைப் பொதுவாகத் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் ஏற்று வளர்ப்பர். அப்போது தந்தையானவன் இறந்த மனைவி கொணர்ந்த சொத்து முழுவதையும், அவளோடு வாழ்ந்த காலத்துத் தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் வேண்டும். தாயின் சீதன நகை இரண்டாம் மனைவியின் கழுத்தைச் சேர்வதை இவ்விதி தடுத்தது. நினைவு என்ற சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் இறந்தவளின் பொன் அவள் பிள்ளைகளோடு வீடு மாறிச் சென்றதென்றால், அதனினும் மேலான நினைவணியை எவர் தெரிந்தெடுத்துக் கொடுத்துவிட முடியும்?

ஆகவே நம்மவரிடையே நினைவணி கடையிலே தெரியப்படுவதன்று. இறந்தவர் விட்டுச்சென்ற பெட்டகத்திலே தெரியப்படுவது. அந்தியேட்டி கழிந்தபின் பெண்மக்கள் கூடியிருந்து, மூத்தவளுக்குச் சங்கிலி, இளையவளுக்குக் காப்பு, பேத்திக்குத் தோடு எனப் பிரிப்பர். வெளிப்பார்வைக்கு அது பாகப்பிரிவினை. நிறையொப்பாத விடத்து மனத்தாங்கல் வருவதும் உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. எனினும் நிறை குறைந்த தோட்டினை ‘அது அம்மா எந்நாளும் போட்டது’ என்று கூறி ஒருத்தி கேட்டு வாங்கும்பொழுது, பாகம் என்பது வேறொன்றாகிவிடுகிறது. விலைமதிப்புக்கும் நினைவு மதிப்புக்குமிடையிலான வேறுபாட்டை ஆங்கிலேயர் வேறு பொருளினாற் காட்டினர். மயிரும் கருங்கல்லும் விலைபோகா. நாமோ இரண்டையும் ஒரே பொன்னில் வைத்தோம். அதனால் நம் நினைவணிக்கு ஓர் இடர் எப்போதும் உண்டு. அது அடகுக்குப் போகும், கல்யாணச் செலவுக்குப் போகும், உருக்கப்படும்.

உருக்குதலை இழிவாகக் கருதுவார்க்கு உடன்படுதல் எமக்கு இயலவில்லை. கன்னாதிட்டியிலே பட்டறை வைத்திருந்த பத்தர்களிடம் பழைய கொடியைக் கொடுத்து மகளுக்குச் சங்கிலியாகச் செய்விப்பது யாழ்ப்பாணத்திலே பரவலான வழக்கம். சேதாரம் போக எஞ்சியது தாயின் பொன்னே என்பது கொடுத்தவர் நம்பிக்கை. வடிவம் அழிந்தும் பொருள் நிலைக்கும் என்னும் இந்நம்பிக்கை பொன்னுருக்கிலேயே வேரூன்றியுள்ளது, தாலியே உருகிய காசின் மறுவடிவம் அல்லவா? ஆனால் பத்தர் வேறு பொன்னோடு கலந்து உருக்கிவிடுவாரோ என்ற ஐயத்தால், தம் பொன்னைத் தம் கண்முன்னே உருக்குமாறு பட்டறையில் இருந்து பார்ப்போரும் இருந்தனர். அவர்கள் பார்த்திருந்தது மாற்றுக்காக மட்டுமோ?

இவ்வொழுங்கினைக் குலைத்தது போர். 1987 மே மாத இறுதியிலே வடமராட்சிமீது இலங்கைப் படையினர் பெரும் நடவடிக்கையை மேற்கொண்டனர். 1989 ஆகஸ்ட் 2 ஆம் நாளிலும் அதனையடுத்த நாள்களிலும் இந்திய அமைதிப்படையினரால் வல்வெட்டித்துறையிலே பொதுமக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1990 இல் விடுதலைப் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுண் எனப் பொன் பெற்றனர். இடம்பெயர்ந்தோர் நகைகளை நிலத்திற் புதைத்தும் உடையிலே வைத்துத் தைத்தும் காக்க முயன்றனர். வெளிநாட்டுப் பயணத்துக்கும் உணவுக்கும் விற்றவை அளவில்லாதன. ஆளும் போய் அவர் விட்ட பொன்னும் போனவிடத்து எதனைப் பிரிப்பது, எதனை உருக்குவது? இக்காலத்திலேதான் ஒளிப்படம் பொன்னின் இடத்தை எடுத்துக்கொண்டது எனலாம். சுவரிலே மாலையிட்ட படமும் சங்கிலியிலே சிறு படப்பதக்கமும் பெருகின.

கடலிலே எழுந்த பழைய வினாவும் இப்போது தரையிலே மீண்டும் எழுந்தது. பிடித்துச் செல்லப்பட்டும் சரணடைந்தும் திரும்பாதவர்களின் மனைவியர் பலர் கொடியைக் களையவில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனவரின் இறப்பைப் பதிவதற்கு வழிசெய்தது. மரணச் சான்றிதழை ஏற்பது களைதலை ஏற்பதாகும் என்று கருதிப் பலர் அதனை மறுத்தனர். 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் எனக் கூறாது ஆள் காணப்படாமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு இடம் வைக்கப்பட்டது. சட்டம் ஈற்றில் கடற்கரைப் பெண்களின் நிலைக்குச் சற்றே இறங்கி வந்தது என்றே கூற வேண்டும். அதற்கு அப்பால் உண்மை கூறும் கடன் நிறைவேறியது என்று கூறுவதற்கில்லை. அந்தச் சான்றிதழும் வேண்டாம், விடையே வேண்டும் எனக் கூறும் தாய்மாரின் போராட்டம் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலே தொடங்கியது.

அணிகலன் சான்றாதல் நமக்குப் புதியதன்று. கணவன் கொலையுண்டபின் கண்ணகியின் கையில் எஞ்சிய ஒற்றைச் சிலம்பு நினைவுப்பொருளாக மட்டும் இருந்திருப்பின் காப்பியம் அங்கேயே முடிந்திருக்கும். கோவலனிடமிருந்து பெறப்பட்டு அரசன் முன்வைத்த சிலம்பை அவள் உடைத்தாள். உள்ளே மாணிக்கம் இருந்தது. அரசியின் சிலம்பிலோ முத்து. ஈழத்தில் கண்ணகியம்மனைத் தமிழரும் பத்தினித் தெய்வத்தைச் சிங்களவரும் வழிபடுவர். பத்தினி வழிபாட்டில் சிலம்பே புனிதப் பொருளாக விளங்குகிறது. 2025 ஆகஸ்ட் 5 இல், யாழ்ப்பாணத்துச் செம்மணியிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்கள் இனங்காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. உடைகள், பாதணிகள் முதலியவற்றோடு வளையல்களும் அவற்றுள் இருந்தன. உறவினர் வரிசையாகச் சென்று அவற்றைக் குனிந்து பார்த்தனர்.

புலம்பெயர்ந்த நாடுகளிலே இப்பொருள் வேறொரு வடிவில் விவாதத்துக்கு வந்துள்ளது. இறந்தாரின் சாம்பலிற் சிறிதைக் கண்ணாடியில் அடைத்து மோதிரத்திற் பதிப்பதும், அதிலுள்ள கரியினின்று செயற்கை வைரம் செய்வதும் அங்கு வாணிபமாக நடைபெறுகின்றன. அந்நாடுகளிலே வளர்ந்த பிள்ளைகள் சிலர் இதனை விரும்புதல் இயல்பே. சாம்பல் முழுவதையும் நீரிலே கரைத்தல் வேண்டும், ஒரு துளியும் வீட்டில் வைத்தலாகாது என்பது முதியோர் கொள்கை. இருசாராரும் ஒருவரையொருவர் அன்பில்லாதவராகக் கருதுவது பொருத்தமன்று. முதியோர்க்கு உடல் கடலுக்குரியது, பொன் பிள்ளைக்குரியது. பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அப்பொன் வந்து சேரவேயில்லை. அது 1987 இலோ 1990 இலோ விமானச்சீட்டுக்காகவோ போய்விட்டது. எஞ்சிய கொடியின் காசொன்று கிடைத்தவர் அதனையே பதக்கமாக்கி அணிகின்றனர். நெடுங்காலம் கழுத்திலே தேய்ந்தமையால் அரசியின் முகமும் திரையும் சில காசுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டன. பத்தர்கள் அத்தகைய காசைத் தராசில் இட்டபின்னரே விலை சொல்வர், ஏனெனில் அது இப்போது எட்டுக் கிராம் இராது.