குரல் ஓய்ந்த ஏலக்கூடம்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் உழைப்பின் வரலாறு மும்முறை திசை திரும்பியதை நாம் காண்கிறோம். 1895 இல் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கியது. வானம் பார்த்த நிலம் நஞ்சையாகி, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேடியது. 1928 இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வந்த இருப்புப்பாதை மலைச்சரக்குக்குத் தொலைதூரச் சந்தையைத் திறந்தது. மூன்றாவது திருப்பம் ஓசையின்றி வந்தது. 2007 இல் நறுமணப் பொருள்கள் வாரியம் போடியில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைத் தொடங்கியது.

அதற்கு முன் ஏலக்கூடம் குரலால் இயங்கியது. மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டி, நிறமும் பருமனும் பார்த்து வணிகர் விலை கேட்பர். ஏலம் விடுபவர் அதை உரக்கக் கூறி ஏற்றுவார். மாதிரித் தட்டு இன்றும் உண்டு. ஆனால் சரக்கின் எண்ணும் எடையும் திரையில் தோன்ற, வணிகர் விசையை அழுத்தி விலையை உயர்த்துகின்றனர். குரலின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. அன்றாட விலையை வாரியத்தின் இணையதளத்தில் எவரும் அறியலாம். கூடத்தில் இருந்த சிலருக்கே முதலில் கிட்டிய செய்தி பொதுவானது நன்மையே.

காய் பறிக்கும் வேலையோ மாறவில்லை. விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலமலைகளுக்குப் பெண்கள் ஏறுகின்றனர். செடியின் தூரடியில் குனிந்து, ஒரே சரத்தில் முற்றிய காயைப் பறித்துப் பிஞ்சை விட்டுவைக்கும் அறிவு அவர்களுடைய விரல்நுனியில் இருக்கிறது. 2020 இல் தொற்றுநோயால் மாநில எல்லை அடைக்கப்பட்டபோது தோட்டங்கள் தவித்தது அந்த விரல்களுக்காகத்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பறித்தவரின் கூலி அவ்வாறு தாவவில்லை.

உழைப்பைக் குறித்து 1981 இல் எழுதிய சுற்றுமடலில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொழில்நுட்பத்தை மனிதனின் துணை என்றார். அவனை ஓரம் தள்ளும்போது அது பகையாகவும் மாறக்கூடும் என எச்சரித்தார். முதலைவிட உழைப்பே முதன்மையானது என்பது அவர் போதனை.

திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கிடைத்தது. சந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. விலையை நொடியில் காட்டும் கணினி, அதில் பறித்தவருக்குரிய நியாயமான பங்கைக் காட்டுவதில்லை. அதைக் கேட்கவும் கொடுக்கவும் வேண்டியவர்கள் நாமே.