சர்வதேச உறவுகள் பிறந்த கதை: மட்டக்களப்பிலிருந்து பார்த்தால்

சர்வதேச உறவுகள் என்ற பாடத்துக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு என்கின்றன பாடநூல்கள். ஊர், வேல்ஸின் கடலோரப் பட்டினமான அபெரிஸ்ட்வித். ஆண்டு 1919. முதலாம் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் குடும்பம் கொடுத்த பணத்தில், அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சனின் பெயரால் அங்கே ஒரு பேராசிரியர் பதவி உருவானது. இன்னொரு போர் மூளாமல் தடுக்க என்ன வழி என்று ஆராய்வதே அதன் நோக்கம். அதே பதவிக்கு 1936இல் வந்த ஈ. எச். கார், மூன்றே ஆண்டுகளில் எழுதிய நூலில் முன்னோர்களின் நம்பிக்கையைப் பகற்கனவு என்று தள்ளினார். இலட்சியவாதம், யதார்த்தவாதம் என்று துறை இரண்டு பட்டது அப்போதுதான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறவர்கள் 1648இன் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகளில் நிற்பார்கள். இறைமையுள்ள அரசுகள் சமமாக எதிரெதிரே அமரும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது என்பது அவர்கள் கட்சி. அந்த உடன்படிக்கைகளின் வாசகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று ஆந்திரேயாஸ் ஒசியாந்தர் 2001இல் எழுதிக் காட்டிய பிறகும் அந்தக் கதை வகுப்பறையை விட்டுப் போகவில்லை.

வெஸ்ட்பாலியாவுக்குப் பத்து ஆண்டு முன்னால், 1638 மே 23ஆம் திகதி, மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒரு பக்கம் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன். மறுபக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட். வாவிக்குள் கிடக்கும் புளியந்தீவின் போர்த்துக்கேயர் கோட்டை ஐந்து நாள் முன்னர்தான் விழுந்திருந்தது.

இதற்கு விதை போட்டது ஒரு கடிதம். 1636இல் இராஜசிங்கன் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தருக்கு உதவி கேட்டு ஓலை அனுப்பினான். கொண்டுபோனவர் ஒரு பிராமணத் தூதர். போர்த்துக்கேயர் ஆண்ட யாழ்ப்பாணத்தில் அவர் மாதக்கணக்கில் மறைவாகக் காத்திருந்து, பிறகே கடல் கடந்தார். எதிரியின் எதிரியைத் தேடிப் போவதை இன்று அதிகாரச் சமநிலை என்று பரீட்சையில் எழுதுகிறோம். இராஜசிங்கனுக்கு எந்தப் பேராசிரியரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் துரத்த உதவ வேண்டும். போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு முதலானவற்றால் தீர்க்க வேண்டும். யானை தவிர்ந்த வணிகம் முழுவதும் கொம்பனிக்கே. வேறு ஐரோப்பியர் எவரும் உள்ளே வரக்கூடாது. இதுவரை இரு பக்கமும் ஒத்துப்போயின. வில்லங்கம் பிடிபட்ட கோட்டைகளைப் பற்றிய பிரிவில் இருந்தது. அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் அங்கே படை வைக்கலாம் என்று அரசன் கைப் பிரதி சொன்னது. கொம்பனி வைத்திருந்த பிரதியில் ‘அரசன் விரும்பினால்’ என்ற நிபந்தனையே இல்லை.

அடுத்து நடந்தது இரண்டு பிரதிகளையும் பரீட்சித்துப் பார்த்தது. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கொம்பனி சில ஆண்டுகளில் அரசனிடம் திருப்பிக் கொடுத்தது. காலியையும் நீர்கொழும்பையும் கொடுக்கவில்லை; செலவுப் பாக்கி தீரவில்லை என்று கணக்கைக் காட்டியது. கறுவா விளையும் நிலம் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதைக் கணக்கில் எழுதவில்லை. 1656இல் கொழும்பு விழுந்தபோது அரசனின் ஆட்களை நகருக்குள்ளேயே விடவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றும் சொல்வது இதைத்தான். திருப்பிக் கொடுத்த மட்டக்களப்பையும் கொம்பனி 1668இல் மறுபடி பிடித்துக்கொண்டது.

கோட்பாட்டின் மூலவேரும் இதே கடலில்தான் ஓடுகிறது. 1602 மே மாத முடிவில் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டிக்குப் போய் அன்றைய அரசனைக் கண்டான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் பிடித்துக் கொள்ளையிட்டார்கள். அது நியாயம்தான் என்று வாதாடக் கொம்பனி பிடித்த இளம் வழக்கறிஞர் ஹியூகோ குரோட்டியஸ். அந்த வாதத்தின் ஓர் அத்தியாயமே 1609இல் ‘மாரே லிபெரும்’ என்று தனி நூலாக வந்தது: கடல் யாருக்கும் சொந்தமல்ல, கீழைநாட்டு அரசர்கள் தம் மண்ணுக்குத் தாமே உரியவர்கள், அவர்களோடு வணிகம் செய்ய எவருக்கும் உரிமை உண்டு. நான்கு ஆண்டு கழித்து லண்டனில் ஆங்கிலேயர் கீழைக்கடல் வணிகத்தில் பங்கு கேட்டபோது, கொம்பனியின் தனியுரிமையைக் காக்கப் போன தூதுக்குழுவில் அதே குரோட்டியஸ் இருந்தார். அவருடைய நூலையே ஆங்கிலேயர் அவருக்கு எதிராக எடுத்துக் காட்டினார்கள். திறந்த கடலுக்கு வாதாடிய கொம்பனி, மட்டக்களப்பில் மூடிய துறைமுகத்துக்குக் கையெழுத்து வாங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் மார்ட்டின் வைட் சர்வதேசச் சிந்தனையை மாக்கியவெல்லி, குரோட்டியஸ், கான்ட் என்று மூன்று மரபாகப் பிரித்தார். நடு மரபு, அரசுகளுக்கு மேலே அதிகாரம் இல்லாவிட்டாலும் அவை பொது விதிகளால் கட்டுண்ட ஒரு சமூகம் என்று கருதுவது. அந்த மரபின் கீழைத் தேச வேரைத் தோண்டியவர் சென்னையில் இருந்தார். போலந்துக்காரரான சி. எச். அலெக்சாந்திரோவிச் 1951 முதல் பத்து ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்தார். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் ஆசிய அரசர்களைச் சமமான இறைமையாளர்களாக நினைத்தே உடன்படிக்கை செய்தார்கள். அவர்களை ‘நாகரிக நாடுகள்’ வட்டத்துக்கு வெளியே தள்ளியது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பது 1967இல் வந்த அவர் நூலின் சாரம். இராஜசிங்கனின் உடன்படிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பாதி சரி. காகிதத்தில் சமம் இருந்தது. பிரதிகள் வேறுபட்டபோது எந்த வாசகம் செல்லும் என்பதைக் கோட்டையில் இருந்த பீரங்கி தீர்மானித்தது. அந்த மறுபாதியைத்தான் யதார்த்தவாதிகள் முழுக்கதை என்கிறார்கள்.

இரண்டு கட்சிக்கும் தெரியாத ஆட்கள் இன்னும் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் வயலும் வாவியும் உள்ளூர்த் தலைவர்கள் கையில் இருந்தன. கண்டிக்கு அடங்கியும் அடங்காமலும் அவர்கள் காலம் தள்ளினார்கள். தங்கள் மண்ணின் கோட்டையையும் வணிகத்தையும் பங்கிட்ட உடன்படிக்கையில் அவர்கள் கட்சிக்காரர் அல்லர். அரசுகளை மட்டும் எண்ணும் கோட்பாடு எதுவும் அவர்களை எண்ணாது. இந்தத் துறை ஐரோப்பாவைத் தாண்டி உலகளாவியதாக வேண்டும் என்று அமிதாவ் ஆச்சார்யா போன்றோர் இப்போது கேட்கிறார்கள். ஆனால் கண்டி அரசனைப் பட்டியலில் சேர்ப்பதோடு அது நின்றுவிட்டால், மேசையில் ஓர் அரசன் கூடுவானே தவிர, மேசை மாறாது.

அபெரிஸ்ட்வித் இந்தப் பாடத்துக்குப் பதவியும் பெயரும் கொடுத்தது. அதில் ஐயமில்லை. ஆனால் மேலே நீதிபதி இல்லாத இடத்தில் கொடுத்த வாக்கை யார் காப்பாற்ற வைப்பது என்ற கேள்வியை வேல்ஸ் கண்டுபிடிக்கவில்லை. கொம்பனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கையெழுத்திட்ட வாக்கை நினைவூட்டிக்கொண்டே இருந்த ஓர் அரசன் அதை ஆயுள் முழுவதும் கேட்டான். மாணவர் ஒருவர் எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், அது எந்தப் பிரதியை வைத்து எழுதப்பட்டது என்று முதலில் கேட்பது நல்லது.