தொழில் விபத்து இழப்பீடு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

தொழில் விபத்து இழப்பீடு என்பது, வேலை செய்யும்போது காயமடைந்த, ஊனமுற்ற தொழிலாளிக்கும், இறந்துபோனவரின் குடும்பத்துக்கும் பணம் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களிலும் அது இரண்டு வழிகளில் நடந்துவந்தது. ஒன்று, முதலாளியே தன் பொறுப்பில் தரும் நஷ்ட ஈடு. அவர் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். மற்றொன்று, முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா கட்டும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நிதி.

1923க்கு முன் இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனி 1884லும் பிரிட்டன் 1897லும் செய்ததை ஒட்டி, இந்தியாவில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923ல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1918ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் போன்றவற்றின் நெருக்குதலே இதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். 1919ல் அமைந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தூண்டுதலே பெரிது என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கலாம். சட்டத்தின் புதுமை, முதலாளி தவறு செய்தாரா என்ற கேள்வியையே அது ஒதுக்கிவைத்ததுதான். வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே கேள்வி. தொடக்கத்தில் தொகை சிறியது. வயது வந்தவர் இறந்தால் 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், நிரந்தரமாக முழு ஊனமடைந்தால் 42 மாதக் கூலி அல்லது 3,500 ரூபாய். இவற்றில் எது குறைவோ அது. காயத்துக்குப் பின் முதல் பத்து நாளுக்கு எதுவும் கிடையாது. அந்தக் காத்திருப்பு பின்னர் ஏழாகவும் மூன்றாகவும் குறைந்தது.

சட்டத்தின் முதல் அட்டவணை நின்று படிக்கத்தக்கது. உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீத இழப்பு என்று அது கணக்கு வைத்திருக்கிறது. கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஆள்காட்டி விரலில் எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. பஞ்சாலையில் ஓடும் எந்திரத்தைத் துடைக்கப்போய் விரலைக் கொடுத்தவர்களுக்கு இந்த எண்களே வாழ்க்கைக் கணக்கு. ஆனால் அட்டவணை கடைசி வார்த்தை அல்ல. சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்தபோது விழுந்த ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது. எனவே அது முழு ஊனமே என்று 1975ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே பணம் கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இன்னொரு விதியும் குறிப்பிடத்தக்கது. இறந்தவருக்கான தொகையை முதலாளி, இச்சட்டத்தின்கீழ் வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். துக்க வீட்டில் வைத்து நேராக மனைவியின் கையில் கொடுத்தது கணக்கில் சேராது. முன்பணமாகக் கொடுத்த மூன்று மாதக் கூலி வரை மட்டும் கழிக்கலாம். அவசரத்தில் சொற்பத் தொகைக்குக் கைரேகை வாங்கிவிடுவதை இது பெரிதும் தடுத்தது.

இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ல் பஞ்சாலையை நிறுவினார். 1939ல் அறுவைப் பஞ்சு ஆலையும் வந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணித் தறிகள் பெருகின. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோயாக இடம்பெற்றது.

பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944ல் தந்த அறிக்கையின் வழியே ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் 1955ல் கோவைக்கு வந்தது. இதில் சேர்ந்தவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதற்கு மாற்றாக, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுவதும் மாதாந்தரத் தொகையும் கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் வாங்கியவர் ஆள்காட்டி விரலை இழந்தால் நாளொன்றுக்கு 63 ரூபாய். இறந்தால் அந்த 90 சதவீதத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும். கூட்டுத்தொகை மிஞ்சினால் எல்லாப் பங்கும் குறையும். 2019 ஜூலை முதல் சந்தா முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் சேரலாம்.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்பவருக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டமே துணையாக இருந்தது. 2010ல் அது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. மரணத்துக்கு மாதக் கூலியில் பாதி, முழு ஊனத்துக்கு 60 சதவீதம். அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. கணக்கில் எடுக்கும் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். ஆக, அந்த வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 13,81,275 ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு 2,32,054 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அபராதம் 50 சதவீதம் வரை. பாலிசியில் விலக்கு எழுதியிருந்தால் வட்டியும் அபராதமும் முதலாளி தலையில்தான் விழும் என்று 2006ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாலும், இவ்வழக்குகள் தொழிலாளர் துணை ஆணையரிடமே போயின. மேல்முறையீடு 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். மேல்முறையீட்டுக்குப் போகும் முதலாளி முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடங்கள் பொதுவாக ஈ.எஸ்.ஐ. எல்லைக்குள் வருவதில்லை. அங்கே துண்டுக்கூலிக்கு நெய்பவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்பதில் இன்றும் இருவேறு வாதங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் தற்காலிக வேலையாள் என்ற விலக்கை நீக்கிய பின் தொழிலாளி பக்கம் சற்று வலுப்பட்டது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் நெடுநாள் சர்ச்சையே. 1996ல் உச்ச நீதிமன்றம் மறுத்ததை 2010 திருத்தம் ஈ.எஸ்.ஐ.க்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இரு சட்டங்களையும் தன்னுள் அடக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.